ஆறாவது கவர்

"ஜடையை வெட்டு. இல்லேன்னா வேலையை விடு. திங்கக்கிழமைக்குள்ள ரெண்டுல ஒண்ணு நடக்கணும்."

சீஃப் இதைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். ஆய்வுக்கூடத்தின் நட்டநடுவில் நின்று, மொத்த ஆட்களின் காதிலும் விழும்படி சொன்னார்.

விஷயம் இதுதான். அட்டையின் எச்சிலில் ரத்தத்தை உறைய விடாத புரதம் ஒன்று இருக்கிறது. அதைத் தனியாகப் பிரித்தெடுக்க அவள் மூன்று வருடம் அட்டைகளோடு குடித்தனம் நடத்தினாள். கடைசியில் ஒரு சொட்டு தேறியது. ஆசையாக மெஷினில் போட்டுப் பார்த்தால், அட்டைப் புரதத்தோடு மனித முடியின் புரதமும் கலந்திருப்பதாகச் சொல்லிவிட்டது. யாருடைய முடியோ உள்ளே விழுந்திருக்கிறது.

அவளுக்கு இடுப்புக்குக் கீழே தொங்கும் ஜடை. ஆய்வுக்கூடத்தில் அவள் பெயரே ஜடைதான். அப்புறம் விசாரணை எதற்கு?

"சார், நான் ரெண்டு தொப்பி போட்டுக்கிட்டுத்தான் வேலை செய்யறேன்."

"தொப்பி கிடக்கட்டும். என் தலையைப் பாரு. அம்பத்தெட்டு வயசு. ஒரு முடி கலையுதா? ஒரு முடி உதிருதா? அதுக்குப் பேருதான் ஒழுக்கம்!"

சீஃபின் தலை பார்க்க வேண்டிய தலைதான். கருகருவென்று, அலை அலையாக, மின்விசிறிக்குக் கீழே நின்றாலும் அசையாது.

ஜடைக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடுத்த வருட ஒப்பந்தத்தில் சீஃப் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. ஆனாலும் ரோஷம் என்று ஒன்று இருக்கிறதே.

"முடியும் புரதம்தானே சார்? ஆளுக்கு ஆள் கொஞ்சம் வித்தியாசம் இருக்கும். எல்லாரும் ஆளுக்கு ஒரு முடி குடுங்க, மெஷின்ல போட்டுப் பார்த்துடலாம். என்னோடதுன்னு வந்தா கத்தரிக்கோலை நானே கொண்டு வரேன்."

"தாராளமா! மெஷினையும் நீயே ஓட்டு. மெஷின் பொய் சொல்லாது."

அவளையும் சேர்த்து அங்கே வேலை பார்க்கும் ஐந்து பேரும் 'ஸ்ஸ்' என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு ஆளுக்கு ஒரு முடியைப் பிடுங்கி, கவரில் போட்டுப் பெயர் எழுதினார்கள்.

"என்னோடதையும் எடுத்துக்கோ. சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்று சீஃபும் ஒன்றைப் பிடுங்கி ஆறாவது கவரில் போட்டார். முகத்தில் வலியே இல்லை.

"தலைவர்னா இப்படில்ல இருக்கணும்!" என்றார் மீசை. இவர் சீனியர் விஞ்ஞானி. சீஃபுக்கு ஆமாம் போடுவதில் தனியாக ஒரு டாக்டர் பட்டம் வாங்கியவர்.

திங்கட்கிழமை கூட்டத்தில் ஜடை எழுந்து நின்றாள்.

"என் முடி பொருந்தலை சார். பொருந்தினது நாலாவது கவர்."

நாலாவது கவர் மீசையினுடையது. திறந்திருக்கிற சோதனைக்குழாயை மூக்குக்கு நேராகப் பிடித்து, "என்னம்மா, ஏதாவது தேறுமா?" என்று விசாரிப்பது அவருடைய வழக்கம்.

சீஃப் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சரி, சரி. மனுஷன்னா இதெல்லாம் சகஜம். நாளையிலேருந்து ஒரு மாஸ்க் போட்டுக்குங்க சார்."

மீசையை வெட்டச் சொல்லி யாரும் கெடு வைக்கவில்லை.

"ஆறாவது கவர் என்ன ஆச்சு? அதையும் வாசி. எம்மேலயும் யாருக்கும் சந்தேகம் இருக்கக் கூடாது."

ஜடை தலையைக் குனிந்துகொண்டாள். "அது வந்து... கைதவறிக் கொட்டிடுச்சு சார்."

"கொட்டிடுச்சா? என் முடியா?" சீஃப் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "இந்த அலட்சியத்துக்கு அடுத்த வருஷ ஒப்பந்தம் வேற கேக்குதா? பத்து நிமிஷம் கழிச்சு என் ரூமுக்கு வா. வேலையை விட்டு அனுப்பற லெட்டர் ரெடியா இருக்கும்."

கூட்டம் கலைந்தது. பக்கத்து மேஜைப் பெண் காதைக் கடித்தாள்.

"ஏன்க்கா, அந்த மனுஷன் தலையில முடிக்கா பஞ்சம்? இன்னொண்ணு கேட்டு வாங்கியிருக்கலாம்ல? ஜெயிச்ச கேஸை இப்படிக் கெடுத்துக்கிட்டீங்களே!"

பத்தாவது நிமிடம் ஜடை சீஃபின் அறைக்குள் போய், கதவை நன்றாகச் சாத்தினாள். லெட்டர் மேஜைமேல் தயாராக இருந்தது. அவர் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தார்.

அவள் லெட்டருக்குப் பக்கத்தில் ஒரு தாளை வைத்தாள்.

"கொட்டலை சார். மூணு தடவை போட்டுப் பார்த்துட்டேன். உங்க கவர்ல புரதமே இல்லை. வெறும் நைலான்."

சீஃபின் கை தானாகத் தலையைத் தேடிப் போய், பாதி வழியில் நின்றது.

"இருக்கறது இந்த ஒரு தாள்தான் சார். மெஷின்லயும் அழிச்சிட்டேன். யாருக்கும் தெரியாது, தெரியவும் வேணாம்."

அவர் லெட்டரை எடுத்து நாலாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார்.

"அசல் மனுஷ முடின்னு கடைக்காரன் கியாரண்டி கார்டே குடுத்தாம்மா, படுபாவி!"

அவளுக்குப் பாவமாக இருந்தது. சிரிப்பும் வந்தது. கதவுவரை போனவள், ஜடையை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு திரும்பினாள்.

"வெட்டச் சொன்னீங்களே சார், அன்னைக்கே விஷயத்தைச் சொல்லியிருந்தா உங்களுக்கே குடுத்திருப்பேனே!"