லைன்லயே இருங்க சார்

“உங்க அம்மா பேரு சொல்லுங்க சார்.”

சொன்னார். இது மூன்றாவது தடவை. பெற்றவள் பேரை ஒரே நாளில் இத்தனை முறை அவர் வாழ்க்கையில் சொன்னதில்லை.

சலூனில் அவருக்கு மிலிட்டரி என்று பெயர். யார் என்ன ஸ்டைல் கேட்டு உட்கார்ந்தாலும் கடைசியில் ஒட்ட வெட்டித்தான் அனுப்புவார். அப்பேர்ப்பட்ட மிலிட்டரி, ஈரத் துண்டுகள் காயும் பின்னறையில் போனோடு வாயைப் பொத்திக்கொண்டு, கிரெடிட் கார்டு கஸ்டமர் கேரில் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

மணி ஐந்தரை.

மணிக்கட்டு பிசகி இரண்டு மாதம் கத்திரி பிடிக்க முடியாமல் வீட்டில் கிடந்ததில் வந்த வினை. கார்டுக்குப் பணம் கட்டவில்லை. தாமதக் கட்டணம் போட்டார்கள். அந்தக் கட்டணத்துக்கு வட்டி, வட்டிக்கு வரி என்று அது பாட்டுக்குக் குட்டி போட்டது.

காலையில் வசூல்காரன் போனிலேயே மிரட்டிவிட்டான். “யார் யார்கிட்ட ஆள் அனுப்பணும்னு இன்னிக்கு சாயங்காலம் லிஸ்ட் போடுவாங்க. நாளைக்கு நீ கடை திறக்கறப்ப வாசல்ல நிப்பேன்.”

“சனிக்கிழமை சம்பளம் சார், அன்னிக்கே கட்டிடறேன். கடைக்கு மட்டும் வந்துடாதீங்க.”

அப்படிச் சொன்னதுதான் தப்பு. எங்கே அடித்தால் வலிக்கும் என்று தானே காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

போன மாதம் பக்கத்து சேரில் முடிவெட்டியவரைத் தேடி இப்படித்தான் ஒருவன் வந்தான். முகத்தில் நுரையோடு உட்கார்ந்திருந்தவர்கள் முன்னால் மானத்தை வாங்கினான். முதலாளி சத்தமே போடவில்லை. “கத்திரிய வச்சிட்டுக் கிளம்பு” என்றார். அந்த சேர் இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது.

“அம்மா, அபராதத்தக் குறைக்கக்கூட வேணாம்மா. நாளைக்கு ஆள் அனுப்பாதீங்க. ரெண்டே நாள்தான்...”

“புரியுது சார். உங்க பிறந்த தேதி?”

“அதையும் சொல்லிட்டேனேம்மா!”

“மறுபடி சொல்லுங்க சார். அப்புறம் வீட்டு விலாசம், ஒவ்வொரு எழுத்தா.”

சொன்னார். பின்கோடு சொன்னார். வீட்டுக்கு அடையாளமாகப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்றாள். மருந்துக்கடை என்றார். அதற்கு எதிரே என்ன இருக்கிறது என்றாள்.

“எதிர்ல என்ன இருந்தா உனக்கென்னம்மா?”

“ஒரு நிமிஷம் லைன்லயே இருங்க சார்.”

பாட்டுப் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

“மிலிட்டரி! சேர்ல ஆளு காயுது!” முன்னாலிருந்து முதலாளியின் குரல்.

“இதோ வந்துட்டேன் முதலாளி! துண்டு மடிக்கறேன்!”

ஒரு நிமிஷம் என்றவள் பத்து நிமிஷம் கழித்துத்தான் வந்தாள். வந்ததும் கார்டு விதிமுறைகளைப் பள்ளிக்கூடத்துப் பாடம் மாதிரி நிறுத்தி நிறுத்திப் படிக்க ஆரம்பித்தாள். மிலிட்டரிக்கு எரிச்சல் மண்டைக்கேறியது.

“வேணாம்மா. உன்னால முடியாதுன்னா விடு. நான் வச்சிடறேன்.”

“வைக்காதீங்க சார்!” அவள் குரலில் திடீரென்று ஒரு பதற்றம். உடனே பழைய குரலுக்கு வந்தாள். “வச்சீங்கன்னா மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். பாதிதான் முடிஞ்சிருக்கு. ஏழாவது விதி...”

மாட்டிக்கொண்டார். முன்னே போனால் முட்டும், பின்னே போனால் உதைக்கும். இந்தப் பக்கம் முதலாளி, அந்தப் பக்கம் ஏழாவது விதி. சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்துவிட்டது.

ஆறு மணி ஐந்து நிமிஷத்துக்கு அவள் படிப்பதை நிறுத்தினாள்.

“உங்க கோரிக்கையைப் பதிவு பண்ணிட்டேன் சார். ஆள் அனுப்பறத நிறுத்த எங்களுக்கு அதிகாரம் இல்லை. வேற ஏதாவது உதவி வேணுமா?”

“இல்லைன்னு சொல்லவா நாப்பது நிமிஷம்? நல்லா இருப்பியாம்மா நீ? உனக்கெல்லாம் குடும்பம்னு ஒண்ணு இருக்கா?”

“நன்றி சார். இந்த நாள் இனிய நாளாகட்டும்.”

அடுத்து மிஷின் பேசியது. சேவை மிக மோசம் என்றால் ஒன்று, மிக நன்று என்றால் ஐந்து. பூச்சியம் இருந்திருந்தால் அதைத்தான் அழுத்தியிருப்பார். இல்லாததால் ஒன்றை, கட்டைவிரல் வலிக்க அழுத்தினார். அந்த நாளில் அவருக்குக் கிடைத்த ஒரே நிம்மதி அதுதான்.

சேரில் காய்ந்தவருக்குச் சவரம் முடித்து அனுப்பினார். அடுத்த ஆளுக்குத் துணி போர்த்தும்போது போன் அடித்தது. வசூல்காரன்.

பின்னறைக்கு ஓடினார்.

“சார், நாளைக்கு கடைக்கு...”

“பெரிய ஆளுய்யா நீ! உன் பேரு லிஸ்ட்லயே வரல.”

“என்ன சார் சொல்றீங்க?”

“சரியா ஆறு மணிக்கு லிஸ்ட் எடுப்பாங்க. அந்த நேரத்துல கஸ்டமர் கேர்ல பேசிட்டு இருக்கறவன் பேரு அதுல ஏறாது. பேச்சு நடக்குதுன்னு கம்ப்யூட்டரே தள்ளி வச்சிடும். இனி அடுத்த லிஸ்ட் திங்கட்கிழமைதான். சனிக்கிழமை ஒழுங்கா கட்டிடு, அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன். ஆமா, இந்த வித்தைய யாரு உனக்குச் சொல்லிக் குடுத்தா?”

“சத்தியமா எனக்கு எதுவும் தெரியாது சார். அந்தப் பொண்ணுதான் கேட்டதையே கேட்டு, வைக்க விடாம...”

எதிர்முனையில் வசூல்காரன் சிரித்தான்.

“அப்ப அதுக்குத் தெரிஞ்சிருக்கு. ரெக்கார்ட் ஆகற போன்ல வாயத் திறந்து சொல்ல முடியுமா? வேலை போயிடும். அதான் ஆறு மணி தாண்டற வரைக்கும் உன்ன இழுத்துப் பிடிச்சிருக்கு.”

மிலிட்டரி கொடியில் கிடந்த ஈரத் துண்டு ஒன்றை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“பாவம்யா அதுங்க. மாசக் கடைசியில மார்க் குறைஞ்சா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. நீ அஞ்சுதான போட்ட?”