எடுக்காத பொட்டலம்

"இன்னைக்கே கொண்டு போயி அறுக்கச் சொல்லுங்க. நான் ரெடி," என்றான் காளியண்ணன், பலகைக் கட்டிலில் குப்புறப் படுத்தபடி. அந்த வீரனின் முகம் யாருக்கும் தெரியவில்லை. அது தலையணைக்குள் இருந்தது.

வருடக்கணக்காக பம்பாய்க்கு லாரி ஓட்டிய இடுப்பு. இப்போது புரண்டு படுக்கவே பெண்டாட்டி வசந்தாமணி கை கொடுக்க வேண்டும். கட்டிலில் இருந்து பார்த்தால் வாசலில் நிற்கும் அவனுடைய லாரியின் பின் டயர் மட்டும் தெரியும். டிரைவர் சீட்டில் கோழி அடைக்கு உட்கார்ந்துவிட்டது. "லாரி எப்படி ஓடுது?" என்று கேட்டவர்களுக்கு, "முட்டை போடுதுங்க" என்று வசந்தாமணி சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை.

சேலத்து டாக்டர் படம் பிடித்துப் பார்த்திருந்தார். இடுப்பெலும்பில் ஒரு துண்டு வெட்டி முதுகெலும்பில் வைத்து, தேய்ந்துபோன இரண்டு கணுவையும் ஒன்றாக்கிவிடலாம் என்றார். இடது கால் சூம்ப ஆரம்பித்துவிட்டது. தள்ளிப்போட்டால் கடைசிவரை கட்டில்தான் என்றும் சொன்னார்.

"மாங்கன்னுக்கு ஒட்டுக் கட்டறாப்பலதான்," என்றான் பக்கத்துத் தோட்டத்துச் சடையன். "ராசிபுரத்துப் பக்கம் ஒருத்தனுக்குக் கட்டுனாங்க. இப்ப அவனைப் பொறத்தால இருந்து கூப்புட்டா திரும்ப முடியறதில்ல. கட்டை வண்டியாட்டம் ஊரையே ஒரு சுத்துச் சுத்தித்தான் வந்து என்னான்னு கேப்பான்."

எல்லோரும் சிரித்தார்கள். காளியண்ணன் மற்றவர்களைவிடச் சத்தமாகச் சிரித்தான்.

"எனக்கென்ன பயம்? ஆனா டாக்டர் சொன்னாப் போதுமா? ஆத்தா சொல்லோணும். பூக் கேட்டுப் போடலாம்."

பூக் கேட்பது பெரிய சடங்கில்லை. செவ்வரளி ஒரு பொட்டலம், வெள்ளரளி ஒரு பொட்டலம். வாழையிலையில் ஒரே மாதிரி மடித்து நாரால் கட்டி மாரியம்மன் காலடியில் போட வேண்டும். பூசாரி சென்றாயன் கண்ணை மூடி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் இல்லை. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கவே கூடாது. அப்படியே கோயில் கிணற்றில் போட்டுவிட வேண்டும்.

வசந்தாமணி தட்டு நிறைய இரண்டு பூவும் பறித்து வந்தாள். "பொட்டலம் நானே மடிக்கறேன் புள்ள," என்றான் காளியண்ணன். "இடுப்புத்தான் போச்சு, கையி நல்லாத்தான் இருக்குது."

சிவப்பு வந்தது.

"என்ற ஆத்தாளே எனக்கு எதிரியாயிட்டாளே," என்று அவன் கட்டில் பலகையில் குத்தினான். பார்க்க வந்த பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அன்றிரவு அவன் வலியில் கடித்த கடியில் தலையணை உறை கிழிந்து, விடியும்போது வாயெல்லாம் இலவம்பஞ்சாக இருந்தான்.

அடுத்த அமாவாசைக்கு மறுபடி கேட்டார்கள். மறுபடியும் சிவப்பு. எடுக்காத பொட்டலத்தைக் கிணற்றில் போடப் போன வசந்தாமணி திரும்பி வரக் கொஞ்சம் நேரமாயிற்று.

"அங்க என்ன புள்ள பண்ணுன?" என்றார் பூசாரி.

"கால் வழுக்குச்சுங்க," என்றாள்.

அதற்குள் அவன் கால் கைத்தடி போல ஆகிவிட்டது. செருப்பு மாட்டினால் தானாகக் கழன்று விழுந்தது. மூன்றாம் முறை கேட்க வேண்டாம் என்றுகூடச் சிலர் சொன்னார்கள். வசந்தாமணிதான் பிடிவாதமாகப் பூவைப் பறித்து வந்தாள். அவனும் வழக்கம்போல மடித்துக் கட்டிக் கொடுத்தான். அவள் தட்டை ஏந்திக்கொண்டு கோயிலுக்குப் போனாள்.

போனவர்கள் குலவை போட்டுக்கொண்டு வந்தார்கள். சடையன் இலையை விரித்துக் காட்டினான். காளியண்ணன் அதைப் பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

"இது... வெள்ளையா?"

"கண்ணுக்கும் சேத்தி ஆபரேசன் பண்ணச் சொல்லலாம்," என்றான் சடையன்.

"வெயில்ல வெளுத்திருக்கும். இன்னொருக்காக் கேட்டுப் பாக்கலாமுங்களா?"

கூடவே வந்திருந்த பூசாரியின் முகம் சுருங்கியது. "செவப்பு உழுந்தா மறுக்காக் கேக்கலாம் சாமி. வெள்ளை உழுந்த பொறவு கேட்டா, ஆத்தா சொன்னது பொய்யின்னு ஆயிரும். அந்தக் குத்தம் உனக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம்."

காளியண்ணன் கோயில் இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டான். கும்பிட்ட கையை இறக்கவே இல்லை. இப்படி ஒரு பக்தியை நாமகிரிப்பேட்டை பார்த்ததில்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

கோழியை இறக்கிவிட்டு, வைக்கோல் பரப்பி, அவனுடைய லாரியிலேயே அவனைச் சேலத்துக்கு ஏற்றிப் போனார்கள். வழிநெடுக மல்லாந்து படுத்து வானத்தை முறைத்துக்கொண்டே போனான்.

ஆஸ்பத்திரியில் பச்சைத் துணி போர்த்தித் தள்ளுவண்டியில் கிடத்தினார்கள். ஊசி போட்டதில் நாக்குத் தடித்துவிட்டது. ஆபரேசன் அறைக் கதவு திறந்தபோது அவன் வசந்தாமணியின் கையைப் பிடித்து இழுத்தான்.

"புள்ள, ஆருகிட்டயும் சொல்லிப் போடாத. ஆத்தா லேசுப்பட்டவ இல்ல. மூணு தடவையும் நான் ரெண்டு பொட்டலத்துலயும் செவப்பத்தான் வெச்சுக் கட்டுனேன்."

வசந்தாமணி அவன் நெற்றித் திருநீறு கண்ணில் விழாமல் துடைத்துவிட்டாள். கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

"தெரியுமுங்க. அதனாலதான் கோயிலுக்குப் போற வழியில ரெண்டுலயும் வெள்ளைய வெச்சுக் கட்டுனேன்."