பழைய டிஸ்க் சொன்ன பதில்

ஒரு போட்டோ ஸ்டுடியோவின் பழைய கம்ப்யூட்டருக்குள் ஒரு ஹார்ட் டிஸ்க்கும் ஒரு பிராசசரும் வேலை பார்த்தன. படங்களைத் தேடி எடுத்துத் தருவது டிஸ்க்கின் வேலை. அவற்றை வெட்டி ஒட்டி அழகாக்குவது பிராசசரின் வேலை.

கல்யாண வீடியோவில் தாலி கட்டும் இடம் வந்தால் படம் அப்படியே நின்றுவிடும். ஸ்டுடியோக்காரி டெய்சி பெட்டியின் தலையில் ஓங்கித் தட்டுவாள்.

“உன்னாலதான் தம்பி அடி வாங்குறோம். மூளை மழுங்கிப்போச்சு உனக்கு,” என்று டிஸ்க் சொல்லும். படத்தைத் தேடித் தாமதமாக்குவது தான்தான் என்று அதற்குத் தெரியும்.

பிராசசர் அதை நம்பிவிடும். “மன்னிச்சுக்கங்கண்ணே,” என்று சொல்லிவிட்டு, அடுத்த படம் வரும்வரை தலைகுனிந்து காத்திருக்கும்.

புதுக் கம்ப்யூட்டர் வாங்க டெய்சிக்கு வசதியில்லை. மெக்கானிக் பெட்டியைத் திறந்து பார்த்தார். எஸ்.எஸ்.டி. என்கிற சின்னப் புது டிஸ்க் ஒன்றை மட்டும் மாட்டினார். பழைய டிஸ்க்கைப் பழைய ஆல்பங்களோடு பெட்டிக்குள்ளேயே ஓரமாக விட்டுவைத்தார்.

புது டிஸ்க் கேட்டதும் படத்தை எடுத்துக் கொடுத்தது. தாலி கட்டும் இடம் நிற்காமல் ஓடியது. பிராசசர் அதே பழைய பிராசசர்தான்.

இப்போது பிராசசர் தன்னைத் திட்டப்போகிறது என்று பழைய டிஸ்க் ஒடுங்கிக்கொண்டது.

“அண்ணே, எனக்கு எப்படியோ புத்தி தெளிஞ்சிருச்சு,” என்றது பிராசசர். “இத்தனை வருஷமா என்னை வெச்சுக்கிட்டு நீங்க எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பீங்க.”

உண்மையைச் சொல்ல டிஸ்க்குக்கு வாய் வரை வந்தது. புதியது பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்தது.

“அதெல்லாம் பரவாயில்ல தம்பி,” என்றது, நிமிர்ந்து பார்க்காமல்.