மாத்திரை போட்டீங்களாப்பா?

அப்பாவின் உடலை வாங்கக் கையெழுத்துப் போட்டுவிட்டு டாக்டரிடம் திரும்பினான்.

"வெறும் சத்து மாத்திரைதானே டாக்டர்? நான்தான் மாசாமாசம் அனுப்பினேன்."

"அதுல பொட்டாசியம் இருக்கு. அவரோட பிரஷர் மாத்திரையோட சேர்ந்தா இதயமே நின்னுடும். நிறுத்துங்கன்னு போன மாசமே அவர்கிட்ட சொன்னேனே!"

அவன் அம்மாவிடம் எரிந்து விழுந்தான். "ஞாயித்துக்கிழமை தவறாம போன் பண்ணி, 'மாத்திரை போட்டீங்களாப்பா'ன்னு கேட்டேனேம்மா! ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

அம்மா காலி மாத்திரை டப்பாவை மடியில் உருட்டிக்கொண்டிருந்தாள்.

"தலைதலையா அடிச்சுக்கிட்டேன்டா, கேக்கலை. பொய் சொல்லவும் அவருக்கு வராது. என்னையும் சொல்ல விடலை. போன்ல நீ கேக்கறதே அந்த ஒரு கேள்விதானாம். 'நிறுத்திட்டேன்னு சொல்லிட்டா, அப்புறம் அவன் எதுக்கு போன் பண்ணுவான்?'னார்."