நடுவில் நின்ற மூலக்கூறு

ஓர் ஆய்வுக்கூடத்தில், மூடிய பெட்டி ஒன்றுக்குள், மெல்லிய பொன் இழை ஒன்றை இழுத்து அறுத்தார்கள். ஒன்றாக இருந்தது அக்காள் முனை, தங்கை முனை என்று இரண்டாகி எதிரெதிரே நின்றது. இடைவெளியில் ஒரு மூலக்கூறு வந்து இருவரின் கையையும் பிடித்துக்கொண்டது. மின்சாரம்தான் சகோதரிகளின் பேச்சு; ஒருத்தி அனுப்புவது மூலக்கூறின் வழியாகத்தான் மற்றவளுக்குப் போக வேண்டும். ஆனால் போய்ச் சேர்ந்தது கொஞ்சம்தான்.

"அவள் என்ன சொன்னாள்? சரியாகச் சொல்லேன்!" என்று இருவரும் மூலக்கூறை நச்சரித்தார்கள். அது எப்படி இருக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

ஒரு மழைநாளில் யாரோ பெட்டியைத் திறந்தார்கள். காற்றோடு வந்த நீர்த்திவலை ஒன்று, கண்ணுக்கே தெரியாத அளவு சின்னது, மூலக்கூறின் தோளில் ஒட்டிக்கொண்டது.

"ரொம்ப நேரமாக நிற்கிறாயோ? கை வலிக்கவில்லையா?" என்றது திவலை.

மூலக்கூறு அப்படியே இளகிப்போனது. உடனே மின்சாரம் தாராளமாகப் பாய்ந்தது.

"அக்கா!"

"அடியே, நீயா!"

சகோதரிகள் பேசித் தீர்த்தார்கள். நடுவில் மூலக்கூறும் திவலையும் தாழ்ந்த குரலில் தங்கள் கதையைப் பேசின.

பிறகு பெட்டியை மூடி, ஈரத்தையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்டார்கள். விடைபெறக்கூடத் திவலைக்கு நேரமில்லை.

"தங்கை குரல் கேட்கவில்லையே! உனக்கு என்ன ஆயிற்று?" என்று அதட்டினாள் அக்காள்.

"உங்கள் இருவருக்கும் நான் இருக்கிறேன். எனக்கு இருந்தவள் போய்விட்டாள்" என்றது மூலக்கூறு.