துண்டுக்குள் சொன்ன விலை

"ஏனுங்க, கையைத் துண்டுல சுத்தி மறைக்காதீங்க. ஜட்ஜய்யா பாக்கட்டும்னுதானே இத்தனை தூரம் வந்துருக்கறோம்!"

மனைவி வரலட்சுமி சொன்னதும் மாட்டுத் தரகர் வேங்கடசாமி வலது கையை வெளியே எடுத்தார். மோதிர விரலும் சுண்டு விரலும் இருந்த இடத்தில் இரண்டு மொட்டைத் தழும்புகள். போன வருஷம் பஸ் சன்னல் கம்பியில் வைத்திருந்த கையை ஒரு லாரி உரசிக்கொண்டு போனதில் மிஞ்சியது இவ்வளவுதான்.

கோயமுத்தூர் கோர்ட் வராந்தாவில் நிற்க இடமில்லை. விபத்து வழக்குகளைப் பேசி முடிக்கிற மக்கள் நீதிமன்றம் அன்று. காலையில் வெள்ளகோவிலில் பஸ் ஏறியதிலிருந்து வேங்கடசாமிக்கு ஒரு வாய் காப்பி இறங்கவில்லை. ஆஸ்பத்திரிச் செலவுக்கு அடமானம் வைத்த சோளக்காடு திரும்புமா, கைவிட்டுப் போகுமா என்பது இன்றைக்குத் தெரிந்துவிடும்.

வக்கீல் சிக்கந்தர் ஃபைலும் கையுமாக வந்தார்.

"அண்ணா, இன்சூரன்ஸ் கம்பெனி போட்ட கணக்கைக் கேளுங்க. உங்க மாச வருமானம் ஆயிரத்து ஐநூறு, வருசத்துக்குப் பதினெட்டாயிரம். உங்க வயசு நாப்பத்தெட்டு, அதுக்குப் பதிமூணால பெருக்கணும். ரெண்டு லட்சத்து முப்பத்து நாலாயிரம்."

"அத்தனையும் தருவாங்களா?" வரலட்சுமியின் முகம் மலர்ந்தது.

"எங்கீங்கக்கா! டாக்டர் எழுதுன ஊனம் பன்னெண்டு சதவீதம். அந்தத் தொகையில பன்னெண்டு சதவீதம்தான் தருவாங்க. இருபத்தெட்டாயிரத்துச் சொச்சம்."

"விரலுக்குப் பன்னெண்டு, சரிங்க. பொழப்பு முழுசாப் போயிருச்சே, அதுக்கு எத்தனைங்க?" என்றார் வேங்கடசாமி.

"அதைத்தான் ஜட்ஜுகிட்டக் கேக்கப்போறோம். பொழப்பு போச்சுன்னு நிரூபிச்சாத்தான் சதவீதம் ஏறும்."

உள்ளே கூப்பிட்டார்கள். நீதிபதிக்கு எதிரே இன்சூரன்ஸ் அதிகாரி நஞ்சுண்டன் உட்கார்ந்திருந்தார். சிரிப்பை மறந்து பத்து வருஷம் ஆன முகம்.

"மாட்டுத் தரகுக்கு ரெண்டு விரல் இல்லாட்டி என்ன குறை? வாய்தானே பேசுது?" என்றார் நீதிபதி.

வேங்கடசாமிக்குச் சுருக்கென்றது. "ஐயா, மாட்டு விலையை வாயில சொன்னா அது தரகே இல்லீங்க. துண்டுக்குள்ள கையை விட்டு, விரலைப் புடிச்சுத்தான் பேசறது. ஒரு விரல்னா ஆயிரம், முழுக்கைன்னா அஞ்சாயிரம். பக்கத்துல நிக்கறவனுக்குக் கூடத் தெரியக்கூடாதுங்க. உள்ள பேசுனதைச் செத்தாலும் வெளிய சொல்றதில்லீங்க."

"சரி, இப்ப என்ன?"

"என் கையில இருக்கற மூணு விரலையும் புடிச்சா, அது மூணாயிரமா, முழுக்கை அஞ்சாயிரமா? சந்தையில சண்டை வந்துருதுங்க. இப்ப எவனும் எனக்குக் கை குடுக்கறதில்லீங்க."

நீதிபதி நம்பாமல் தலையைச் சாய்த்தார். "முப்பது வருஷம் பழகின ஆள். புரிஞ்சுக்க முடியாதா?"

நஞ்சுண்டன் எழுந்தார். "சோதிச்சே பாத்துரலாங்க சார். எங்கப்பாவும் சந்தையே கதின்னு கெடந்தவர். இந்தப் பேச்சு எனக்கும் தெரியும்."

வரலட்சுமி மனசுக்குள் திட்டினாள். 'பாவி மனுசன், குழி தோண்டறானே!'

துண்டை விரித்தார்கள். இரண்டு கைகளும் உள்ளே போயின. வேங்கடசாமி திடுக்கிட்டு நஞ்சுண்டனின் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் ஒன்றும் இல்லை.

"என்ன விலை சொன்னார்?" என்றார் நீதிபதி.

"அதை வெளிய... சொல்றதில்லீங்களே."

"கோர்ட் கேட்கிறது. சொல்லுங்க."

ஒரு வருஷமாகச் சந்தையில் ஓரமாக நின்ற மனுஷன். தொழில் கர்வம் எங்கிருந்துதான் வந்ததோ, நெஞ்சை நிமிர்த்தி, "அஞ்சாயிரமுங்க!" என்று சொல்லிப்போட்டார்.

சிக்கந்தர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அட அண்ணா! சரியாச் சொல்லிட்டா பொழப்பு இருக்குன்னு ஆகிப்போகுமே!" என்று காதில் கிசுகிசுத்தார்.

அப்போதுதான் வேங்கடசாமிக்கு உறைத்தது. முகம் வெளுத்துப்போனது. வரலட்சுமி தாலிக்கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டாள். காடு போச்சு.

நஞ்சுண்டன் துண்டை மெதுவாக மடித்து வைத்தார்.

"தப்புங்க சார். நான் சொன்னது மூணாயிரம்."

வேங்கடசாமி வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார்.

நீதிபதி பேனாவை எடுத்தார். "விரல் ஊனம் பன்னிரண்டாக இருக்கலாம். பிழைப்புக்கு ஐம்பது சதவீதம் போடலாம். ஒரு லட்சத்துப் பதினேழாயிரம். கம்பெனிக்குச் சம்மதமா?"

"கண்ணால பாத்த பொறகு மறுக்க என்னங்க இருக்கு?" நஞ்சுண்டன் கையெழுத்துப் போட்டுவிட்டு, யாரையும் பார்க்காமல் அடுத்த ஃபைலைப் பிரித்தார்.

வெளியே வந்ததும் வரலட்சுமி அழுதுகொண்டே சிரித்தாள். "காட்டைத் திருப்பிப்போடலாங்க! நல்லவேளை, நீங்க தப்பாச் சொன்னீங்க!"

வேங்கடசாமி தன் வலது கையையே பார்த்துக்கொண்டு நின்றார். முப்பது வருஷத் தரகில் துண்டுக்குள் நடந்ததை முதன்முதலாகத் தன் வீட்டுக்காரியிடம் சொன்னார்.

"நான் தப்பாச் சொல்லலை அம்மணி. எல்லாரும் தொடக் கூசற இந்த ரெண்டு மொட்டையையும் சேத்து அமுக்கி, அஞ்சுன்னுதான் அந்த மனுசன் புடிச்சாரு."