ஹோட்டல் என்றுதான் சொன்னாள்

மூன்றாவது தட்டும் வந்தது.

அவர் தொடவில்லை.

முதலில் வந்தது பன்றித் தொடை உப்புக்கண்டம், தாள் மாதிரி சீவியது. அப்புறம் செம்மறிப் பாலில் செய்த சீஸ். இப்போது முட்டை ஊற்றிப் பிசைந்து, நாடா நாடாவாக அறுத்து வேகவைத்த மாவு. மேலே தக்காளி. ஆவி பறந்தது.

நல்ல வாசம்தான். வாசத்துக்கு என்ன, எல்லார் வீட்டிலும்தான் வரும்.

பசித்தது. விடியக்காலை ஒரு டம்ளர் காபி குடித்ததோடு சரி.

கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஹோட்டலுக்குக் கூட்டிப்போகிறேன் என்றுதான் மகள் கோகிலா சொன்னாள். தோட்டத்துக்குள்ளேயே ஹோட்டல், அவர்களே விளையவைத்து அவர்களே ஆக்கிப் போடுவார்கள், இத்தாலியில் மலைப்பக்கம் போனால் இப்படி நிறைய இருக்கிறது என்றாள். நம்பி வந்தார். திராட்சைப் பந்தல். பந்தலுக்குக் கீழே, புல்தரையில் மேசைகள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்.

ஹோட்டல்தான்.

முதல் தட்டு வருவதற்கு முன்னால் ஒன்றுக்குப் போக உள்ளே போனார். வழியில் சுவரில் ஒரு போட்டோ. டிராக்டர்மேல் ஒரு பெரிய மனுஷன். மடியில் ஒரு பொடியன். பொடியனுக்கு மத்தேயோவின் மூக்கு.

மத்தேயோ, கோகிலா கட்டிக்கொள்ள நினைக்கிற பையன். அவனைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்தது. பார்த்துவிட்டு ஊருக்குப் போய்ச் சொல்கிறேன் என்று சொல்லியிருந்தார்.

அப்படியானால் இது ஹோட்டல் இல்லை. பையன் வீடு.

பெண் தருகிறேன் என்று வாய்விட்டுச் சொல்லாத வீட்டில் கை நனைக்கக் கூடாது. ஒரு வாய் உள்ளே போய்விட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். தாராபுரம் பக்கம் சின்னக் குழந்தைக்கும் அது தெரியும்.

கோகிலாவுக்கும் தெரியும். தெரிந்துதான் கூட்டிவந்திருக்கிறாள்.

"அப்பா, அங்க பாருங்க. அத்தனை பேரும்தான் சாப்பிடறாங்க. அவிங்கெல்லாம் இந்த வீட்டுக்குச் சம்பந்தியா?"

அவர் பந்தலைப் பார்த்தார்.

"வேணும்னா முள்கரண்டில சாப்பிடுங்க. கை நனையாது."

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை.

மத்தேயோ பக்கத்தில் வந்து குனிந்தான். "சாப்பிடுங்க மாமா."

கிளிக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரி. அதற்குள் மாமா.

தட்டுகளைக் கொண்டுவந்தது பையனின் தாய், ஒர்னெல்லா. போட்டோவில் இருந்தவர் போய்ச் சேர்ந்தபிறகு அடுப்பும் தோட்டமும் அவள் தலையில்தானாம். தொடாத தட்டை ஒவ்வொரு தடவையும் முகம் சுளிக்காமல் எடுத்துக்கொண்டு போனாள். அதுதான் அவருக்குச் சந்தேகம். சுளிக்கிறவளை நம்பலாம்.

மூன்றாவது தட்டை எடுக்கும்போது கோகிலாவிடம் என்னவோ கேட்டாள். கோகிலா நீளமாகப் பதில் சொன்னாள். அந்தம்மாள் முழுக்கக் கேட்டாள். அவரை ஒரு தடவை பார்த்தாள். போய்விட்டாள்.

திரும்பி வரும்போது கையில் இரண்டு காலித் தட்டுகள்.

ஒன்றை அவர் முன்னால் வைத்தாள். இன்னொன்றை எதிரில் வைத்து, அதன் முன்னால் உட்கார்ந்தாள்.

"என்னவாமா?"

"நீங்க சாப்பிடாம அவங்களும் சாப்பிட மாட்டாங்களாம்."

நடிப்பு என்று நினைத்தார். எவ்வளவு நேரத்துக்கு என்று பார்த்துவிடலாம்.

பக்கத்து மேசையில் ஒருவன் காலி வைன் ஜாடியைத் தூக்கிக் காட்டினான். அவள் திரும்பவில்லை. இன்னொரு மேசையில் கூப்பிட்டார்கள். மத்தேயோ ஓடினான். அவன் ஒருவன் எத்தனை பக்கம் ஓடுவான்.

உள்ளேயிருந்து கருகல் வாடை வந்தது.

அவளுக்கும் வந்தது. மூக்கு அசைந்ததை அவர் பார்த்தார்.

எழுந்திருக்கவில்லை.

வாய்க்காலில் தன் முறைத் தண்ணீர் ஓடும்போது மண்வெட்டியைப் போட்டுவிட்டு உட்காருகிற ஆளை அவர் இதுவரை கண்டதில்லை.

அவள் அவரைப் பார்க்கவும் இல்லை. கெஞ்சவும் இல்லை. தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மணிக்கட்டில் மாவு காய்ந்து வெடித்திருந்தது.

அவர் முள்கரண்டியை எடுத்தார்.

கோகிலா நிமிர்ந்தாள்.

அதை மகள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"கை கழுவத் தண்ணி எங்கிருக்குதுன்னு கேளு, அம்மிணி."

காலையிலிருந்து இங்கே பேசியதை அங்கேயும், அங்கே பேசியதை இங்கேயும் சொல்லிக்கொண்டிருந்தவள், இதைச் சொல்லவில்லை. மேசைத் துணியின் நுனியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

ஒர்னெல்லா அதைப் பார்த்தாள். அவர் வேண்டாம் என்றுவிட்டதாகத் தப்பாக எடுத்துக்கொண்டாள். முதல்தடவையாக முகம் சுளித்தது. எழுந்து, அவர் முன்னால் இருந்த காலித் தட்டை எடுக்கக் கை நீட்டினாள்.

அவர் இடது கையால் தட்டைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை.

வலது கையை மேசைக்கு வெளியே, புல்லுக்கு மேலே நீட்டினார்.

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

பிறகு தண்ணீர் ஜாடியைத் தூக்கினாள்.

உள்ளே கருகல் முற்றிக்கொண்டிருந்தது. இரண்டு பேருமே அவசரப்படவில்லை.